17 நிமிடச் சிரிப்பின் பின்னணி

விழா மலரில் கோமாளிப் படமொன்றைப் பற்றி வரலாற்றுக் கட்டுரையா என்று வாசக அன்பர்கள் சிலர் மூக்கின்மேல் விரலை வைக்கக்கூடும். ஊர் வரலாறும் கோவில் வரலாறும் எழுதத் தகுந்த பெரியோர்கள் இம்மலரில் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்ததோ ஒரு பழைய சிரிப்புப் படம். அதுவும் தற்செயலாகவே வாய்த்தது.

மலர் வேலையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். வேலை முடிந்தது, ஆனால் மழை விடுவதாயில்லை. தேநீரும் தீர்ந்து பேச்சும் தீர்ந்த வேளையில், எங்களுடன் இருந்த இளைஞர் தம் கணினியைத் திறந்து, "பழைய அமெரிக்கச் சிரிப்புப் படம் ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா ஐயா?" என்றார். 17 நிமிடம் ஓடக்கூடிய கறுப்பு வெள்ளைப் படம். பெயர் "ஃப்ரைட் நைட்". திகில் இரவு என்று தமிழில் சொல்லலாம். குத்துச்சண்டையும் போக்கிரிக் கூட்டமும் கலந்த கதை. எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதற்கும் எளிதில் சிரிக்காதவர். அவரே மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

படம் முடிந்ததும் அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "இதை எப்போது எடுத்தார்கள்? இந்த மூன்று பேரும் யார்?" எங்களில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அந்த 17 நிமிடத்தைச் சுற்றி இவ்வளவு துயரமா என்று வியப்பே உண்டாயிற்று.

முதலில் கதை. மோ, லாரி, ஷெம்ப் என்ற மூவர் ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு மானேஜர்கள். வீரன் பெயர் சாப்பர் கேன். ஆள் மலை போல இருக்கிறான். அடுத்த போட்டியில் அவனே ஜெயிப்பான் என்று நம்பித் தங்கள் கையிருப்பு முழுவதையும் அவன்மேல் பந்தயம் கட்டிவிடுகிறார்கள். அப்போது பிக் மைக் என்ற போக்கிரித் தலைவனிடமிருந்து ஆள் வருகிறது. சாப்பர் தோற்க வேண்டும். ஜெயித்தால் உங்கள் மூன்று பேருக்கும் உயிர் இராது. அவ்வளவுதான் செய்தி. பணமா, உயிரா? உயிர்தான் என்று மூவரும் முடிவு செய்ய அதிக நேரம் பிடிக்கவில்லை.

இனி வீரனை எப்படித் தோற்கச் செய்வது? அவனிடம் நேரே சொல்லத் தைரியமில்லை. ஆகவே உபசாரத்தாலேயே ஆளைக் கெடுக்கிறார்கள்! நெய்யும் க்ரீமும் வழியும் பண்டங்களாக ஊட்டுகிறார்கள். கிட்டி என்ற பெண்ணோடு பொழுதைக் கழிக்க விடுகிறார்கள். பயிற்சி போய்விடுகிறது, உடம்பு தளர்ந்துவிடுகிறது. திட்டம் பலித்துவிட்டதென்று நினைக்கும் நேரத்தில், போட்டி இரவன்று கிட்டி சாப்பரைக் கைவிட்டு, அவனுடைய எதிரியாகிய கொரில்லா வாட்சனோடு சேர்ந்துகொள்கிறாள். இந்தக் குழப்பத்தில் மூண்ட கலாட்டாவில் கொரில்லா ஓங்கி விட்ட குத்து ஆள்மேல் விழாமல் சுவரில் விழுகிறது. கை உடைந்துபோகிறது. போட்டி ரத்து!

பந்தயப் பணமும் பிழைத்தது, உயிரும் பிழைத்தது என்று மூவரும் மகிழ்கிறார்கள். போக்கிரிகள் விடுவார்களா? ஆளரவமற்ற கிடங்கில் மடக்கிவிடுகிறார்கள். இருட்டில் ஓட்டமும் ஒளிதலும் அடிதடியும் நடந்து, எப்படியோ கோமாளிகளே போக்கிரிகளைப் பிடித்துக் கொடுத்துப் பரிசும் பெறுகிறார்கள். சுபம்.

பார்த்த மறுநாள்தான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. இது குத்துச்சண்டைப் படம். ஆனால் எந்தப் போட்டிக்காக இத்தனை பாடுமோ அந்தப் போட்டி நடக்கவே இல்லை! வீரர்கள் மேடை ஏறுவதற்கு முன்பே, யார் விழ வேண்டும் என்பது வேறெங்கோ தீர்மானமாகிவிடுகிறது. கதை முழுவதும் மேடைக்குப் பின்னால்தான் நடக்கிறது. இதை எழுதியவருக்கு அந்தக் காலத்துக் குத்துச்சண்டைத் தொழில் எப்படி நடந்தது என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

அந்நாளில் அமெரிக்கத் திரையரங்குகளில் முக்கியப் படத்துக்கு முன்னால் செய்திப் படம், கார்ட்டூன், இரண்டு ரீல் சிரிப்புப் படம் என்று சில்லறை உருப்படிகள் ஓடும். அந்த இரண்டு ரீல் படங்களைக் கொலம்பியா ஸ்டூடியோ ஒரு தனிப் பிரிவாகவே நடத்தி வந்தது. பெரிய நட்சத்திரங்களோ பெரிய செலவோ கிடையாது. சில நாட்களில் ஒரு படம் முடிந்தாக வேண்டும். 1934 முதல் 1959 வரை இந்த மூவர் குழு நடித்து 190 குறும்படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. குழுவின் பெயர் "த்ரீ ஸ்டூஜஸ்". ஸ்டூஜ் என்றால் தலைமை விகடனுக்கு ஒத்து ஊதிக்கொண்டு அவனிடமே அடிவாங்கும் துணைக் கோமாளி. கண்ணில் விரலை விட்டால் நரம்புக் கருவியின் ஓசை, வயிற்றில் குத்தினால் பேரிகை முழக்கம், காதைத் திருகினால் பல்சக்கரம் சுற்றும் ஓசை என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு சத்தம் சேர்த்திருப்பார்கள். "ஃப்ரைட் நைட்" படத்தை இயக்கிய எட்வர்ட் பெர்ண்ட்ஸ் அதே ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளராயிருந்து இயக்குநரானவர் என்பதை இங்கே நினைவுகூர்வது தகும். வரிசையில் இது 98வது படம். 1947 மார்ச் 6இல் வெளிவந்தது.

அதற்கு முந்திய 97 படங்களிலும் ஷெம்ப் இல்லை. அவ்விடத்தில் இருந்தவர் அவருடைய சொந்தத் தம்பி!

இவர்கள் குடும்பம் லிதுவேனியா நாட்டிலிருந்து வந்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குடியேறிய யூதக் குடும்பம். குடும்பப் பெயர் ஹார்விட்ஸ். சாமுவேல் 1895இலும், மோசஸ் 1897இலும், கடைக்குட்டி ஜெரோம் 1903இலும் பிறந்தார்கள். சாமுவேலைத் தாயார் 'சாம்' என்று அழைத்தது அவருடைய நாட்டு உச்சரிப்பில் 'ஷெம்ப்' என்று ஒலித்ததாம். அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்துவிட்டது. மோசஸ்தான் சட்டி கவிழ்த்தாற்போல் முடி வெட்டிக்கொண்ட மோ. 1920களில் டெட் ஹீலி என்னும் மேடைக் கலைஞரிடம் மோவும் ஷெம்பும் அடிவாங்கும் கோமாளிகளாகச் சேர்ந்தார்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த லாரி ஃபைன் அவர்களோடு இணைந்தார்.

லாரியைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் விட மனமில்லை. அவர் நகைத் தொழில் செய்தவரின் மகன். குழந்தையாயிருக்கையில் பொன்னுக்கு உபயோகிக்கும் அமிலம் தவறிக் கையில் பட்டு வெந்துவிட்டது. கை பலம் பெறட்டும் என்று வயலின் கற்கச் செய்தார்கள். இளைஞனானதும் அதே கைக்காகக் குத்துச்சண்டையும் பழகினார். பணத்துக்கான பந்தயம் ஒன்றில் மேடையேறி வென்றும் இருக்கிறார். தந்தைக்குப் பிடிக்காததால் அது அத்தோடு நின்றது. ஆகத் திரையில் பஞ்சாகப் பறக்கும் தலைமுடியோடு அறை வாங்கும் அந்த மனிதர் உண்மையிலேயே குத்துச்சண்டை போட்டவர்! 1934இல் வந்த "பஞ்ச் ட்ரங்க்ஸ்" என்ற படத்தில் லாரி வயலின் வாசிக்க, ஒரு குறிப்பிட்ட மெட்டைக் கேட்டாலே வெறி பிடித்துக் குத்தும் ஒரு பரிசாரகன் சாம்பியனாகிவிடுவான். அந்தக் கதையை மூவரும் சேர்ந்தே எழுதினார்கள். 2002இல் அமெரிக்க அரசு பாதுகாக்கத் தக்கதென்று தேசியத் திரைப்படப் பட்டியலில் சேர்த்த ஸ்டூஜஸ் படம் அது ஒன்றே.

அந்தப் பரிசாரகனாக நடித்தவர்தான் கடைக்குட்டி ஜெரோம். 1932இல் ஷெம்ப் குழுவை விட்டுத் தனியே போனபோது, அண்ணன் இடத்துக்குத் தம்பி வந்தார். அழகான சுருள்முடியும் மீசையும் வைத்திருந்தவர். வேஷத்துக்காக எல்லாவற்றையும் மழித்துக்கொண்டார். மொட்டைத் தலைக்குச் 'சுருட்டை' என்று பெயர் வைத்தார்கள்: கர்லி. பன்னிரண்டு ஆண்டுகள் உலகமே அவரைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் 1945 வாக்கிலேயே இரத்த அழுத்தம் ஆளை வாட்டத் தொடங்கியிருந்தது. அப்போது வந்த படங்களில் அவருடைய நடை தளர்ந்திருப்பதும், குரல் கம்மியிருப்பதும் நன்றாகத் தெரிகின்றன.

1946 மே 6ஆம் நாள். "ஹாஃப்-விட்ஸ் ஹாலிடே" என்ற படத்தின் கடைசி நாள் படப்பிடிப்பு. ஒருவர்மேல் ஒருவர் இனிப்புப் பண்டம் எறியும் பெருங்காட்சி எடுக்க வேண்டும். கர்லியின் முறை வந்தபோது கூப்பிட்டார்கள்; பதில் இல்லை. மோ போய்ப் பார்த்தார். நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. வாய் பேசவில்லை, கன்னத்தில் கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. பக்கவாதம். மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் அந்தக் காட்சியைத் திட்டமிட்டபடி எடுத்து முடித்தார்கள். அவ்வளவு சிரிப்பான காட்சியில் கர்லி இல்லையே என்று அன்றைய ரசிகர்கள் எத்தனை பேர் கவனித்தார்களோ!

நம் ஊர் நாடகங்களில் ராஜபார்ட் நடிகருக்குத் தொண்டை கட்டிவிட்டால், அன்றிரவுக்கு வேறொருவர் கிரீடத்தை எடுத்து வைத்துக்கொள்வதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். மோவுக்கும் அதே நிலைமைதான். மூன்றாம் ஆள் இல்லையென்றால் குழுவே கலைந்துவிடும். மோவுக்கும் லாரிக்கும் பிழைப்பு இல்லை. ஷெம்பை அழைத்தார்கள். ஷெம்புக்கோ வேண்டிய வேலை இருந்தது. 1940இல் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் நடித்த "தி பேங்க் டிக்" படத்திலும், அடுத்த ஆண்டு அபட், காஸ்டெல்லோ இருவரின் "பக் பிரைவேட்ஸ்" படத்திலும் அவரைப் பார்க்கலாம். தனியே பெயரெடுத்த ஒருவர் பழையபடி தம்பியிடம் அறை வாங்கத் திரும்பி வருவாரா? வந்தார். கர்லிக்குக் குணமாகும் வரைதான் என்ற நிபந்தனையோடு வந்தார். முகம் மோவைப் போலவே இருக்கிறதே என்று ஸ்டூடியோ தயங்கிற்று. பிறகு ஒத்துக்கொண்டது. அவர் வந்து நடித்த முதல் படம்தான் நாங்கள் மழையில் பார்த்துச் சிரித்த "ஃப்ரைட் நைட்".

உயிருக்குப் பயந்து நடுங்கும் மூன்று மானேஜர்களின் கதையை அவர்கள் எடுத்தது அந்த ஆண்டில்தான் என்பதை நினைக்கும்போது, மோவின் முகத்தில் இருக்கும் கடுகடுப்பு எங்களுக்கு வேறாகத் தெரிகிறது. இது எங்கள் மனப்பிரமையாகவும் இருக்கலாம். படத்திலோ ஒரு துளி துயரமும் இல்லை. ஷெம்ப் கர்லியைப் போல நடிக்க முயலவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் தடவிய தலைமுடி கண்ணில் விழ, விசித்திரமாகக் கீச்சிட்டுக்கொண்டு, தமக்கே உரிய கோழைத்தனத்தோடு நிற்கிறார். தம்பியின் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ளாமல், தம்பியின் இடத்தை மட்டும் காத்தார் என்றே சொல்ல வேண்டும். இதைவிட நாகரிகமான செய்கையை நாங்கள் சினிமா உலகில் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

குத்துச்சண்டை மானேஜர் வேஷமும் ஷெம்புக்குப் புதிதன்று. 1936, 37 ஆண்டுகளில் புரூக்ளினில் வைட்டாஃபோன் நிறுவனம் எடுத்த ஜோ பலூக்கா குறும்படங்களில், குத்துச்சண்டை வீரனாகிய பலூக்காவுக்கு மானேஜராக வரும் நாபி வால்ஷ் அவர்தான். நேர் வாழ்க்கையிலும் அவர் குத்துச்சண்டை ரசிகர். காரில் ஏறப் பயம், நாய்க்குப் பயம், உயரத்துக்குப் பயம் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் மற்றவர்கள் குத்திக்கொள்வதைப் பார்க்க மட்டும் தவறாமல் போவார்!

நிற்க. பிக் மைக்கின் விஷயத்துக்கு வருவோம். எழுதியவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்பு சொன்னோம் அல்லவா? குத்துச்சண்டையில் பணத்துக்காகத் தோற்பது பழைய கதை. 1915இல் சார்லி சாப்ளின் எடுத்த "தி சாம்பியன்" படத்திலேயே, மீசைக்காரன் ஒருவன் தோற்றுப்போகச் சொல்லிச் சார்லியிடம் பணத்தை நீட்டுவான். ஆனால் 1930களுக்குள் இது தனியாள் லஞ்சமாயிராமல் கூட்டத்தின் ஆட்சியாகிவிட்டது. இத்தாலியிலிருந்து கொண்டுவரப்பட்ட பிரைமோ கார்னெரா என்ற ராட்சத உருவத்தை வைத்து நியூயார்க் போக்கிரிகள் பெரும் பொருள் ஈட்டினார்கள். எதிராளிகள் பலர் காசு வாங்கிக்கொண்டு விழுந்தார்கள் என்பது பிற்பாடு பகிரங்கமாயிற்று. 1933இல் உலக ஹெவிவெயிட் சாம்பியனான கார்னெரா, அடுத்த ஆண்டே மாக்ஸ் பேயரிடம் மீண்டும் மீண்டும் தரையில் விழுந்து பட்டத்தை இழந்தார்.

1940களில் இந்த இராச்சியத்தின் முடிசூடா மன்னன் ஃபிராங்கி கார்போ. 'மிஸ்டர் கிரே' என்பது அவனுடைய மறைபெயர். போட்டி வேண்டுமானால், பட்டம் வேண்டுமானால், அவன் தயவு வேண்டும். அவன் பெயரில் லைசென்சும் இல்லை, அலுவலகமும் இல்லை; ஆனால் மானேஜர்கள் அவனைக் கேட்டே நடந்தார்கள்.

எங்கள் படம் வெளிவந்த 1947ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ராக்கி கிராசியானோ என்ற புகழ்பெற்ற வீரர், 1946 டிசம்பரில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ரூபன் ஷாங்க் என்பவரோடு மோதுவதாக இருந்தது. தோற்றுப்போக 1,00,000 டாலர் தருவதாக ஆள் அனுப்பினார்கள். அவர் தோற்கவும் இல்லை, போலீசுக்குச் சொல்லவும் இல்லை. முதுகு வலிக்கிறது என்று சொல்லிப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். போட்டி ரத்து! செய்தி வெளியாயிற்று. லஞ்சம் கொடுக்க வந்ததை ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, 1947 பிப்ரவரியில் நியூயார்க் மாநில விளையாட்டுக் கமிஷன் அவருடைய லைசென்சைப் பறித்தது. அதற்கு அடுத்த மாதம் நம் கோமாளிப் படம் திரைக்கு வருகிறது. அதிலும் தோற்கச் சொல்லி மிரட்டல். அதிலும் காயத்தால் போட்டி ரத்து. படமோ கிராசியானோ விவகாரத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது! அன்று அதைப் பார்த்த நியூயார்க்வாசிகள் என்ன நினைத்துச் சிரித்திருப்பார்கள்! கிராசியானோ ஜூலையில் சிகாகோ சென்று டோனி ஜேலைத் தோற்கடித்து மிடில்வெயிட் பட்டத்தை வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 14ஆம் நாள் நடந்தது அதைவிட மோசம். அதே மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜேக் லாமோட்டாவுக்கும் பில்லி ஃபாக்சுக்கும் போட்டி. ஃபாக்சின் மானேஜர் கார்போவின் கூட்டாளியான பிளிங்கி பலெர்மோ. எவ்வளவு அடித்தாலும் கீழே விழாதவர் என்று பெயர் வாங்கிய லாமோட்டா, அன்று கயிற்றில் சாய்ந்துகொண்டு அடியை வாங்கிக்கொண்டே நின்றார். நான்காவது சுற்றில் நடுவர் போட்டியை நிறுத்தினார். அப்போதும் அவர் விழவில்லை. விழுவதற்கு மட்டும் அவருடைய ரோஷம் இடம் தரவில்லை போலும். மண்ணீரலில் அடிபட்டிருந்தது என்று காரணம் சொன்னார். காயத்தை மறைத்த குற்றத்துக்காக 1,000 டாலர் அபராதமும் ஏழு மாதத் தடையும் கிடைத்தன. எல்லாருக்கும் தெரிந்திருந்தும் எவராலும் நிரூபிக்க முடியவில்லை.

உண்மை வெளியே வரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1960இல் செனட்டர் கீஃபாவரின் தலைமையிலான குழுவின் முன் லாமோட்டாவே சாட்சி சொன்னார். தாம் வேண்டுமென்றே தோற்றதாகவும், கொடுக்க வந்த 1,00,000 டாலரை வாங்கவில்லை என்றும், பட்டத்துக்குப் போட்டியிட ஒரு வாய்ப்புக் கிடைக்கவேண்டியே அதைச் செய்ததாகவும் கூறினார். வாய்ப்பு 1949இல் வந்தது; மார்செல் செர்டானை வென்று சாம்பியனுமானார். விழுந்தால்தான் எழ முடியும் என்ற விசித்திரமான சட்டம் அது! கார்போவையும் பலெர்மோவையும் 1961இல், ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரலாயிருந்த காலத்தில், வேறொரு வீரரை மிரட்டிய வழக்கில் நீதிமன்றம் தண்டித்தது. கார்போவுக்கு 25 ஆண்டு, பலெர்மோவுக்கு 15 ஆண்டு. லாமோட்டாவின் கதை 1980இல் "ரேஜிங் புல்" என்ற படமாக வந்ததை இளைஞர்கள் அறிவார்கள்.

1947லேயே "பாடி அண்ட் சோல்" என்ற படம் இதே விஷயத்தை மிகுந்த கனத்தோடு சொல்லிப் பெரும் புகழ் பெற்றது. அதற்கு முன்னாலேயே இரண்டு ரீல் கோமாளிப் படம் சொல்லிவிட்டது. ஆனால் யாரும் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. கோமாளி சொல்லுக்கு அம்பலத்தில் மதிப்பு ஏது? கோமாளிகள் போக்கிரிகளைக் கிடங்கில் பிடித்துக் கொடுக்கிறார்களே, அது வெறும் ஆசைதான். எங்கள் தலைமையாசிரியர் அந்தக் காட்சியில்தான் மிக அதிகமாகச் சிரித்தார் என்பது எங்களுக்கு நினைவிருக்கிறது.

இந்தக் கதையை எழுதியவர் கிளைட் பிரக்மன். பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் பஸ்டர் கீட்டனின் "தி ஜெனரல்" படத்தில் இணை இயக்குநர் என்று இவர் பெயர்தான் இருக்கிறது. 1927இல் லாரல், ஹார்டி இருவரையும் வைத்து "தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி" என்ற படத்தை இயக்கியவரும் இவரே. அதுவும் குத்துச்சண்டையில்தான் தொடங்குகிறது. ஒல்லி லாரல் வீரன், பருமன் ஹார்டி மானேஜர். அவ்வாண்டு செப்டம்பரில் சிகாகோவில் டெம்ப்சி, டன்னி இருவரும் மோதிய உலகப் போட்டியில், விழுந்த டன்னிக்கு எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியதென்று எழுந்த பெருஞ்சர்ச்சையைக் கிண்டல் செய்த படம் அது. அதன் இரண்டாவது ரீல் பலகாலம் காணாமற்போயிருந்து, 2015இல்தான் முழுமையாகக் கிடைத்ததாம்.

பேசாப் படக் காலத்தில் அரசனாயிருந்த பிரக்மன், பேசும் படக் காலத்தில் குடிப்பழக்கத்தால் தாழ்ந்து, பழைய சிரிப்புகளையே தூசு தட்டி ஸ்டூடியோக்களுக்கு விற்றுப் பிழைத்தார். என் படங்களில் வந்த சிரிப்புகளைத் திருடிவிட்டார்கள் என்று ஹெரால்ட் லாய்ட் ஸ்டூடியோக்கள்மீது வழக்குத் தொடுத்த பிறகு, பிரக்மனுக்கு வேலை கொடுக்கவே அஞ்சினார்கள். 1955 ஜனவரி 4இல் தமது அறுபதாம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 6இல், கொலம்பியா ஒரு புதிய படத்தை வெளியிட்டது. "ஃப்ளிங் இன் தி ரிங்". அது வேறொன்றுமில்லை, "ஃப்ரைட் நைட்" படத்தின் பழைய காட்சிகளையே பெருமளவில் ஒட்டி, சிறிது புதிதாக எடுத்துச் சேர்த்து, மறுபடி விற்ற சரக்கு. அதே சாப்பர் கேன், அதே பிக் மைக், அதே பிரக்மனின் கதை. திரையரங்குகளில் மறுபடியும் சிரித்தார்கள்.

கர்லிக்குக் குணமாகவில்லை. 1947இல் வந்த "ஹோல்ட் தட் லயன்" படத்தில் ரயில் பிரயாணியாகத் தூங்கிக்கொண்டு ஒரு கணம் வந்துபோகிறார்; தலை நிறைய முடி வளர்ந்திருக்கிறது. அண்ணன் தம்பி மூவரையும் ஒன்றாகக் காணக்கூடிய படம் அது ஒன்றுதான். 1952 ஜனவரி 18இல் 48ஆம் வயதில் காலமானார். தம்பி எழுந்து வரும்வரை என்று சொல்லி வந்த ஷெம்ப், 70க்கும் மேற்பட்ட படங்களில் நடித்து ஒன்பது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்.

1955 நவம்பர் 22ஆம் நாள் இரவு ஷெம்ப் வழக்கம்போல் குத்துச்சண்டை பார்க்கப் போனார். ஹாலிவுட் லீஜன் ஸ்டேடியத்தில் போட்டி. முடிந்து நண்பரோடு வாடகைக் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே சுருட்டைப் பற்ற வைத்தவர், அப்படியே நண்பர்மேல் சாய்ந்தார். உயிர் பிரிந்திருந்தது. அவருக்கும் வயது அறுபது.

ஸ்டூடியோவுக்கு ஒப்பந்தப்படி இன்னும் நான்கு படங்கள் வேண்டியிருந்தன. பழைய படங்களிலிருந்து ஷெம்ப் வரும் துண்டுகளை வெட்டி ஒட்டினார்கள். போதாத இடங்களில் ஜோ பால்மா என்ற நடிகர் ஷெம்பின் உடையில், முகம் தெரியாதபடி முதுகைக் காட்டிக்கொண்டு நடித்தார். நான்கும் 1956இல் வெளிவந்தன. உள்ளே மோவும் லாரியும் வழக்கம்போல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இக்கட்டுரையை முடிக்கும் தறுவாயில் நாங்கள் மறுபடி ஒருநாள் கூடினோம். இதையெல்லாம் தலைமையாசிரியரிடம் சொன்னோம். இளைஞர் அந்த நான்கு படங்களில் ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தார். போடட்டுமா என்று கேட்டார். பெரியவர் வேண்டாமென்று கையசைத்தார். "அந்தக் குத்துச்சண்டைப் படத்தையே இன்னொரு தரம் போடு தம்பி" என்றார்.